ஆன்லைன்ல வாங்குன 'ஏ கிளாஸ்' குடுவையும் பிப்பெட்டும் உண்மையிலயே ஏ கிளாஸா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பிறை_லேப்பையன் | திங்கள், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவுல, பினாங்குப் பக்கம் பிறைங்கிற ஊர்ல ஒரு சின்ன உணவு லேப்ல வேலை செய்றேன். சேர்ந்து நாலு மாசம் ஆகுது. கிச்சாப் (சோயா சாஸ்), ஊறுகாய், கருவாடுன்னு வர்ற சாமான்ல உப்பு எவ்வளவுன்னு சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன் பண்ணிச் சொல்றதுலயே பாதி நாள் போயிடும்.

சிக்கல் இதுதான். பழைய 1000 மி.லி. குடுவை உடைஞ்சு போச்சு. கடையில கேட்டா 95 வெள்ளி (ரிங்கிட்). முதலாளி "ஆன்லைன்ல பாரு"ன்னாரு. 28 வெள்ளிக்கு ஒன்னு கிடைச்சது, கூடவே 25 மி.லி. பிப்பெட் 12 வெள்ளி. ரெண்டுலயும் பெரிசா 'ஏ'ன்னு, அதாவது அளவு ரொம்பத் துல்லியமான வகைன்னு, அடிச்சிருக்கு.

வாராவாரம் 0.1 மோலார் உப்புக்கரைசல் புதுசாக் கலக்கி, அதுல 25 மி.லி. எடுத்து, சில்வர் நைட்ரேட்டைச் சரிபார்ப்போம். பழைய பதிவேட்டைப் புரட்டினா செலவான சில்வர் நைட்ரேட் 24.98, 25.00, 24.99 மி.லி.ன்னு ஒழுங்கா ஓடுது. புதுச் சாமான் வந்த பிறகு என் கணக்கு இது:

24.90, 24.96, 24.97, 24.90, 24.91, 24.96

சில்வர் நைட்ரேட் அதே பாட்டில், பியூரெட்டும் அதே பியூரெட். குடுவையிலயும் எனக்குச் சந்தேகம். சாயங்காலம் கோடு வரைக்கும் சரியா நிரப்பி மூடி வச்சா, காலையில பார்க்குறப்ப தண்ணி ஒரு சென்டிமீட்டர் கீழ இறங்கிக் கிடக்கு! மூடி வழியா ஆவியாகுதா, கசியுதா தெரியல. மேசையில ஈரமும் இல்ல.

கண்ணாடியைக் கையில வச்சுக்கிட்டு நல்லதா கெட்டதான்னு எப்படிச் சொல்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ஜெலுத்தோங்_அக்கா | திங்கள், இரவு 9:40

தம்பி, முதல்ல அந்த ரெண்டு சாமான் மேலயும் என்ன அச்சடிச்சிருக்குன்னு ஒன்னு விடாம எழுதுங்க. 'ஏ' மட்டும் இருந்தாப் பத்தாது.

நான் கல்லூரி லேப் உதவியாளர். எங்க அலமாரியில இருக்குற நல்ல பிப்பெட்ல கொள்ளளவு, 20 டிகிரி, 'எக்ஸ்', அதுக்குப் பக்கத்துல '+ 5 செகண்ட்', 'ஏஎஸ்', ±0.03, தயாரிச்சவங்க பேரு, ஒரு தொகுதி எண், எல்லாம் இருக்கும். 'எக்ஸ்'னா வெளிய ஊத்துற அளவு. 'இன்'னா உள்ள கொள்ளுற அளவு. குடுவையில 'இன்' இருக்கணும், பிப்பெட்லயும் பியூரெட்லயும் 'எக்ஸ்' இருக்கணும். 'ஏஎஸ்'ல இருக்குற 'எஸ்' சீக்கிரம் வடியுற வகைன்னு அர்த்தம்.

±எவ்வளவுன்னே போடாத சாமானை நான் ஏ கிளாஸ்னு எடுத்துக்க மாட்டேன்.

---

பிறை_லேப்பையன் | திங்கள், இரவு 9:58

குடுவையில: 1000 மி.லி., 20 டிகிரி, 'இன்', 'ஏ', ±0.40. பேரு ஏதோ ரெண்டு எழுத்து. தொகுதி எண் இல்ல.

பிப்பெட்ல: 25 மி.லி., 'ஏ', 20 டிகிரி. அவ்வளவுதான். 'எக்ஸ்' இல்ல, ±எதுவும் இல்ல.

---

ஓய்வு_டீச்சர்_பிஎம் | திங்கள், இரவு 10:21

வணக்கம். புக்கிட் மெர்தாஜாமில் படிவம் ஆறுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அச்சைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணாடியைப் பார்க்கப் பழகுங்கள் தம்பி.

குடுவையின் கழுத்தைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கோடு கழுத்தை முழுவதும் சுற்றி வந்திருக்கிறதா? முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகத் தெரிய வேண்டும். எப்படிப் பிடித்தாலும் ஒரு பக்கம் பிரிந்து நின்றால் கோடு சாய்வாகப் போடப்பட்டிருக்கிறது. அந்தச் சாமானைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

அடுத்தது பிறைத்தளம், அதாவது நீரின் வளைந்த மேற்பரப்பு. அதன் அடிவயிறு கோட்டின் மேல் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் உட்கார வேண்டும். வெள்ளை அட்டையில் பாதியைக் கறுப்பாக்கி, கறுப்புப் பகுதி சற்றுக் கீழே இருக்கும்படி பின்னால் பிடித்தால் பிறையின் அடி கறுப்பாகத் தெளிந்து நிற்கும். பிறையில் இருந்துகொண்டு பிறையைப் பார்க்கத் தெரியாவிட்டால் எப்படி!

பிப்பெட்டின் நுனியையும் விரலால் தடவாமல் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிறு சில்லு போயிருந்தாலும் வடியும் வேகம் மாறிவிடும்.

---

பட்டர்வொர்த்_மாமா | திங்கள், இரவு 10:50

டீச்சர் பிறைக் கதை நல்லா இருக்கு 😄

நான் அந்தக் காலத்துல கித்தா, அதான் ரப்பர், ஃபேக்டரியில இருந்தவன். எங்களுக்கு மெட்ரோலாக்தான். ரப்பர் பால்ல மிதக்க விட்டு கித்தா எவ்வளவு இருக்குன்னு படிக்கிற மிதவை. கிராணி ஒரு எண் படிப்பாரு, பால் கொண்டு வந்தவரு ஒரு எண் படிப்பாரு. கருவி ஒன்னுதான், சண்டை தினம். கூலியே அந்த எண்ணுலதான இருக்கு.

தம்பிக்கு ஒரு அறிவுரை. அந்தக் குடுவையை அடுப்புல, அதான் ஓவன்ல, காய வச்சியா? வச்சிருந்தா அளவு போச்சு. எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது, அளவு போட்ட கண்ணாடிக்குச் சூடு காட்டக்கூடாதுன்னு.

---

தராசுக்காரன் | திங்கள், இரவு 11:30

மாமா, அந்த ஓவன் கதைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல தம்பியோட எண்ணுங்க. (நான் பாயான் லெப்பாஸ் பக்கம் கேலிபிரேஷன், அதான் கருவிகளோட அளவைச் சரிபார்க்குற, வேலை. நாள் பூரா தண்ணி நிறுக்குறதுதான் பொழப்பு.)

தம்பி, உங்க ஆறு எண்ணுல ரெண்டு வியாதி தெரியுது. பழைய 24.99ல இருந்து 24.90க்கு இறங்கி நிக்குது, அது ஒன்னு. 24.90க்கும் 24.96க்கும் நடுவுல தாவுது, அது இன்னொன்னு. கண்ணாடியோட அளவு தப்பா இருந்தா எல்லா வாரமும் ஒரே பக்கமாத்தான் தப்பும். குடுவை ஒரு வாரம் சுருங்கி மறுவாரம் விரியாது. அதனால இறங்குனதுக்கு ஒரு காரணம், தாவுறதுக்கு வேற காரணம்னு தனித்தனியாத் தேடுங்க.

கண்ணால பார்த்து அளவு சொல்ல முடியாது. தண்ணி ஊத்தி எடை போடணும். ஐஎஸ்ஓ 4787ங்கிற அனைத்துலகத் தரம் சொல்ற முறையும் அதுதான்.

பிப்பெட்டுக்கு: மூடி போட்ட கோனிக்கல் குடுவை ஒன்னை மூடியோட நிறுங்க. பிப்பெட்ல கோட்டுக்கு மேல இழுத்து, நுனியை வெளிப்பக்கம் துடைச்சு, கோட்டுக்கு இறக்குங்க. செங்குத்தாப் பிடிச்சு, நுனி கண்ணாடிச் சுவரைத் தொட வடிய விடுங்க. வடிஞ்சு நின்ன பிறகு அஞ்சு செகண்ட். ஊதக்கூடாது, உதறக்கூடாது. நுனியில மிஞ்சுற துளி அங்கயே இருக்கட்டும், அதையும் கணக்குல எடுத்துத்தான் கோடு போட்டிருக்கான். மூடி நிறுங்க. அஞ்சு தடவை. எத்தனை செகண்ட்ல வடியுதுன்னும் குறிச்சுக்குங்க.

குடுவைக்கு: உள்ளுக்குள்ள சொட்டு ஈரம் இல்லாமக் காய வச்சு, வெறுமனே நிறுத்து, கோடு வரைக்கும் நிரப்பி நிறுக்கணும். கோட்டுக்கு மேல கழுத்துல ஒட்டியிருக்குற சொட்டை டிஷ்யூவால ஒத்தி எடுங்க. ஒன்னேகால் ஒன்றரை கிலோ தாங்குற, 0.01 கிராம் காட்டுற தராசு வேணும்.

தண்ணி, கண்ணாடி, தராசு மூனும் ஒரே அறையில ரெண்டு மணி நேரமாவது இருக்கணும். தெர்மாமீட்டரைத் தண்ணிக்குள்ள விட்டுப் பாருங்க. சுவத்துல ஏர்கோன் காட்டுற எண் வேணாம்.

---

பிறை_லேப்பையன் | செவ்வாய், இரவு 8:05

அண்ணே செஞ்சு பார்த்துட்டேன்! ஏமாத்திட்டாங்கண்ணே!

தண்ணி 24 டிகிரி. குடுவையில 996.02 கிராம்தான் பிடிக்குது. கிட்டத்தட்ட 4 மி.லி. குறைச்சல்! ±0.40ன்னு போட்டுட்டு பத்து மடங்கு தப்பு. ஒரு ஸ்டார் போட்டு ரிவ்யூ எழுதப் போறேன்.

பிப்பெட் அஞ்சு தடவை: 24.818, 24.797, 24.826, 24.789, 24.811. ஒன்பது செகண்ட்ல வடிஞ்சிருது.

டிராயர்ல ஒரு பழைய 25 மி.லி. பிப்பெட் கிடந்தது. எழுத்தெல்லாம் அழிஞ்சு அசிங்கமா இருக்குன்னு நான்தான் வந்த முதல் வாரமே ஒதுக்கி வச்சேன். அதையும் சும்மா நிறுத்தேன்: 24.892, 24.895, 24.889, 24.893, 24.891. இதுவும் குறையுது, ஆனா கொஞ்சமா.

---

தராசுக்காரன் | செவ்வாய், இரவு 8:31

ரிவ்யூ எழுதாதீங்க! நில்லுங்க!

ஒரு கிராம் தண்ணி ஒரு மி.லி. இல்ல. 24 டிகிரியில ஒரு மி.லி. தண்ணி 0.9973 கிராம்தான். அதோட தராசு காத்துல நிக்குது, தண்ணியைக் காத்து கொஞ்சம் மேல தூக்குது. ரெண்டையும் சேர்த்துப் பெருக்க ஒரு எண் இருக்கு, இசட் காரணின்னு சொல்லுவோம். 20 டிகிரிக்கு 1.0029, 24க்கு 1.0038, 25க்கு 1.0040, 27க்கு 1.0045.

உங்க குடுவை: 996.02 × 1.00377 = 999.77. கண்ணாடி 24ல கொஞ்சம் விரிஞ்சிருக்கும், அதை 20க்குக் கொண்டுவந்தா 999.73. ±0.40க்குள்ள பத்திரமா உட்கார்ந்திருக்கு. 28 வெள்ளிக்கு நல்ல சாமான் லா.

புதுப் பிப்பெட்: சராசரி 24.808. பெருக்கினா 24.90 மி.லி. 25க்கு ஏ கிளாஸ்னா ±0.03, பி கிளாஸ்னா ±0.06. இது ரெண்டுலயும் தேறாது. அஞ்சு தடவையில மேலுக்கும் கீழுக்கும் 0.037 கிராம் வித்தியாசம், அது அதைவிட மோசம். நுனி ஓட்டை பெரிசு. அதான் ஒன்பது செகண்ட்ல ஓடிருது. வேகமா வடிஞ்சா சுவத்துல ஒட்டுற படலம் தடிப்பா நின்னுரும். ஒவ்வொரு தடவையும் வேற வேற தடிப்புல நிக்கும்.

பழசு: சராசரி 24.892, பெருக்கினா 24.986. ஏ கிளாஸ். அஞ்சும் ஆறு மில்லிகிராமுக்குள்ள. அதைத்தான் டிராயர்ல போட்டு வச்சிருக்கீங்க!

உங்க பழைய பதிவேட்டுல 24.99, இப்ப 24.90. வித்தியாசம் 0.09. பிப்பெட் ரெண்டுக்கும் வித்தியாசம் 24.986க்கும் 24.90க்கும், அதுவும் 0.09தான். முதல் வியாதி தீர்ந்தது.

---

ஜெலுத்தோங்_அக்கா | செவ்வாய், இரவு 8:49

எழுத்து அழிஞ்சாலும் கோடு அழியாம இருந்திருக்குமே? பழுப்பு நிறத்துல கண்ணாடிக்குள்ளயே ஊறுன மாதிரி?

---

பிறை_லேப்பையன் | செவ்வாய், இரவு 8:55

ஆமாக்கா! கோடு மட்டும் பளிச்சுன்னு பழுப்பா இருக்கு. நகத்தால சுரண்டினாலும் வரல.

அண்ணே, சங்கடமா இருக்கு. ரிவ்யூவுல பாதி எழுதி வச்சுட்டேன் 🙈

---

ஜெலுத்தோங்_அக்கா | செவ்வாய், இரவு 9:03

அதுதான் சாயத்தைச் சூட்டுல கண்ணாடிக்குள்ள இறக்குற வகை. கழுவக் கழுவப் போகாது. மேல எனாமல் பூசுற வகை வருஷக்கணக்கா சோப்புல ஊறினா உதிர ஆரம்பிச்சிரும்.

தராசு அண்ணனுக்கு ஒரு கேள்வி. இந்தியாவுல இருந்து வந்த குடுவை சிலது எங்க லேப்ல இருக்கு. அதுல 20க்குப் பதிலா 27 டிகிரின்னு இருக்கு. "இது நம்ம நாட்டுக்கு ஆகாது"ன்னு ஒரு விரிவுரையாளர் ஒதுக்கச் சொன்னாரு. நம்ம ஊருச் சூட்டுக்கு 27தானே பொருத்தம்?

---

தராசுக்காரன் | செவ்வாய், இரவு 9:27

அக்கா, ஒதுக்க வேணாம். வெப்ப நாடுகள் 27ஐ அடிப்படையா வச்சுக்கலாம்னு ஐஎஸ்ஓ தரத்துலயே இடம் இருக்கு, இந்தியா அதை எடுத்துக்கிச்சு. போரோசிலிக்கேட் 3.3 கண்ணாடி ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்துல பத்து பங்குதான் விரியும். 1000 மி.லி. குடுவையில 7 டிகிரிக்கு 0.07 மி.லி. ±0.40க்கு முன்னால அது ஒரு பொருட்டே இல்ல. சான்றிதழ்ல கணக்குப் போடுறப்ப மட்டும் 20ஆ 27ஆன்னு சரியா எழுதணும்.

சோடா லைம் கண்ணாடின்னா விரிவு கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அதுவும் கண்ணாடியைப் பொறுத்தவரைக்கும் பெரிய விஷயம் இல்ல.

பெரிய விஷயம் தண்ணி. அதே 7 டிகிரிக்கு ஒரு லிட்டர் தண்ணி 1.7 மி.லி. விரியும்.

...ஒரு நிமிஷம். பிறை தம்பி, கரைசல் எங்க வச்சுக் கலக்குறீங்க?

---

பிறை_லேப்பையன் | செவ்வாய், இரவு 9:35

பின்னால கழுவுற அறையிலண்ணே. டிஸ்டில் பண்ற மெஷின் அங்கதான் இருக்கு. தண்ணியை அங்கயே பிடிச்சு, அங்கயே கலக்கி, கோடு வரைக்கும் நிரப்பி, அப்புறம் முன்னால லேப்புக்குக் கொண்டு போய் வச்சுருவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கலக்கினா திங்கள் காலையில டைட்ரேஷன்.

---

தராசுக்காரன் | செவ்வாய், இரவு 9:37

பின்னால ஏர்கோன் உண்டா?

---

பிறை_லேப்பையன் | செவ்வாய், இரவு 9:39

ஃபேன் கூட ஒழுங்காச் சுத்தாது.

---

தராசுக்காரன் | செவ்வாய், இரவு 9:58

நாளைக்கு அந்தத் தண்ணியில தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்க. 32ன்னு வச்சுக்குவோம். லேப் 23ன்னு வச்சுக்குவோம்.

32ல தண்ணி அடர்த்தி 0.9950. 23ல 0.9975. ஒரு லிட்டர் நிரப்பி வச்சா ஆறுன பிறகு 2.5 மி.லி. சுருங்கும். கண்ணாடியும் 0.09 சுருங்கும், அதைக் கழிச்சா கோட்டுக்குக் கீழ 2.4 மி.லி. காலியா நிக்கும். உங்க குடுவைக் கழுத்து உள்விட்டம் பதினேழு பதினெட்டு மில்லிமீட்டர் இருக்கும். 2.4 மி.லி. அந்தக் கழுத்துல எவ்வளவு உயரம் வரும்னு நீங்களே போட்டுப் பாருங்க.

---

ஓய்வு_டீச்சர்_பிஎம் | செவ்வாய், இரவு 10:06

ஒரு சென்டிமீட்டர்.

அட, ஆவியாகவும் இல்லை, கசியவும் இல்லை! மேசையில் ஈரம் இல்லை என்று தம்பி முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். நான் கோடு சாய்வா என்று பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

---

பிறை_லேப்பையன் | செவ்வாய், இரவு 10:15

போட்டுப் பார்த்தேன், ஒரு சென்டிமீட்டர்தான் வருது. முடி சிலிர்த்துப் போச்சுண்ணே.

ஆனா ஒரு சந்தேகம். அப்படின்னா எல்லா வாரமும் அப்படித்தானே இருக்கணும்? கரைசல் எல்லா வாரமும் 0.24 சதவீதம் செறிவு கூடி இருக்கும், எண்ணு எல்லா வாரமும் ஒரே மாதிரி ஏறும். தாவாது இல்லையா? நீங்கதானே சொன்னீங்க.

---

தராசுக்காரன் | செவ்வாய், இரவு 10:29

கேள்வி நல்ல கேள்வி. 24.90ல 0.24 சதவீதம் 0.06. உங்க 24.96 எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. 24.90 வந்த வாரங்கள்ல என்ன நடந்துச்சு? அந்த வாரம் ஏர்கோன் அறையிலயே கலக்கினீங்களா? மழை பெஞ்சு தண்ணி குளிர்ந்திருந்துச்சா? வேற யாராவது கலக்கினாங்களா? லேப்ல கேட்டுப் பாருங்க.

---

பட்டர்வொர்த்_மாமா | செவ்வாய், இரவு 10:44

எல்லாரும் என் ஓவன் கேள்வியை மறந்துட்டீங்க.

---

தராசுக்காரன் | செவ்வாய், இரவு 11:10

மறக்கல மாமா 😄

போரோசிலிக்கேட் 3.3 கண்ணாடி தன் உருவத்தை விட்டுக்கொடுக்க ஆரம்பிக்கிறதே 500 டிகிரிக்கு மேலதான். நம்ம ஓவன் 110. ஜெர்மனியில இருக்குற 'பிராண்ட்'ங்கிற நிறுவனம் தன்னோட 'பிளாவ்பிராண்ட்' அளவைக் கண்ணாடியை 250 டிகிரி வரைக்கும் காய வைக்கலாம், அளவு மாறாதுன்னு சொல்லுது. நானே எங்க லேப்ல ஒரு 100 மி.லி. குடுவையை மாசக்கணக்கா ஓவன்ல போட்டு எடுத்து நிறுத்துப் பார்த்திருக்கேன். நகரல.

ஆபத்து வேற இடத்துல இருக்கு. சூடா எடுத்துக் குளிர்ந்த டைல்ஸ் மேல வச்சா விரிசல் விடும். பிளாஸ்டிக் மூடியோட வச்சா மூடி உருகும். ஆறுறதுக்கு முன்னாடியே கரைசல் ஊத்தினா அது இன்னைக்கு நாம பேசுன கதைதான்.

உண்மையிலயே அளவைத் தின்னுறது சூடான காரம். சோடியம் ஹைட்ராக்சைடை அளவுக்குடுவையிலயே மாசக்கணக்கா வச்சுப் பழகுறவங்க இருக்காங்க. உள்சுவரு மங்கிப் போகும், மூடியும் இறுகிக்கும். கலக்கினதும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாத்திரணும்.

---

ஓய்வு_டீச்சர்_பிஎம் | புதன், காலை 7:20

மாமா சொன்னதை நானும் முப்பது வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒருவேளை பள்ளிகளில் மலிவான சோடா லைம் கண்ணாடி இருந்ததால் வந்த பழக்கமாக இருக்கலாம். அது சூட்டில் சட்டென்று தெறிக்கும். பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம், அதனால் பயமுறுத்தியே வைத்திருந்தோம்.

கண்ணாடி சுத்தமா என்பதை இங்கே யாரும் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தால் உள்சுவரில் படலமாக வழுக்கி இறங்க வேண்டும். முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு. பிசுக்கு இருந்தால் பிறைத்தளமும் கோணும், பிப்பெட்டில் மிஞ்சும் நீரும் மாறும். எங்கள் காலத்தில் குரோமிக் அமிலத்தில் ஊறவைப்போம். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள், இப்போது அதைத் தொட வேண்டாம். லேப் சோப்பில் ஊறவைத்து நன்றாக அலசினால் போதும்.

---

ஜெலுத்தோங்_அக்கா | புதன், காலை 8:02

டீச்சர் சொல்றது நூத்துக்கு நூறு. எங்க கல்லூரியில புதுப் பிள்ளைங்க பிப்பெட்டைக் கையில எடுத்ததும் முதல்ல செய்றது பல்ப்பை அமுக்கிக் கடைசிச் சொட்டையும் ஊதித் தள்ளுறதுதான். மேல ரெண்டு பட்டை வளையம் போட்டிருக்குற வகைக்குத்தான் ஊதணும். நடுவுல வயிறு வச்ச பிப்பெட்டை ஊதினா அளவு கூடிரும்.

பீக்கர்ல கோடு போட்டிருக்கேன்னு அதுல அளந்து ஊத்துற பிள்ளைங்களும் இருக்கு. அது 5 சதவீதம் வரைக்கும் முன்ன பின்ன இருக்கும்னு பீக்கர் மேலயே எழுதியிருக்கான். யாரு படிக்கிறா?

---

ஆடிட்_அண்ணே_கேஎல் | புதன், மதியம் 1:15

கேஎல்ல இருந்து. லேப் ஆடிட் செய்றவன், கொஞ்சம் கசப்பா ஒன்னு சொல்றேன்.

பிறை தம்பி லேப் 'சாம்' அங்கீகாரம், அதான் மலேசியத் தரத் துறையான ஜபாத்தான் ஸ்டாண்டர்ட் லேப்களுக்குக் குடுக்குற அந்தச் சான்று, வாங்கப் போறாங்கன்னா அந்தக் குடுவை 999.73ன்னு இங்க எழுதினது பத்தாது. தராசு எப்பக் கேலிபிரேட் ஆச்சு, எடைக்கல் எங்க சரிபார்த்தது, தெர்மாமீட்டருக்கு சான்று உண்டா, யாரு நிறுத்தாங்க, எத்தனை தடவை, நிச்சயமின்மை எவ்வளவு, எல்லாம் தாள்ல இருக்கணும். அந்தச் சங்கிலி கடைசியில சிப்பாங்ல இருக்குற தேசிய அளவியல் கழகம் மாதிரி ஒரு இடத்துல போய் முடியணும்.

இன்னொன்னு, 'சான்றிதழோட வருது'ன்னு விக்கிறாங்க. சான்றிதழ்ல ரெண்டு வகை. ஒரு தொகுதிக்கே சேர்த்து ஒரு தாள் குடுப்பாங்க, அதுல உங்க குடுவை இருக்காது, அதோட கூடப் பிறந்தவங்கதான் இருப்பாங்க. இன்னொன்னு தனிச் சான்று. கண்ணாடி மேல தொடர் எண் பொறிச்சிருக்கும், தாள்லயும் அதே எண் இருக்கும், அளந்த கொள்ளளவும் இருக்கும். ஒரு லேப்ல எனக்குக் காட்டுன தாள்ல ஒரு எண், குடுவையில வேற எண். கேட்டா "அது உடைஞ்சு போச்சு சார், தாள் நல்லாத்தானே இருக்கு"ன்னாங்க.

---

பட்டர்வொர்த்_மாமா | புதன், மதியம் 1:40

தாள் நல்லாத்தானே இருக்கு!! 🤣🤣 சிரிச்சுச் சிரிச்சு தே தாரிக் கொட்டிருச்சு.

---

பிறை_லேப்பையன் | புதன், இரவு 8:47

கண்டுபிடிச்சாச்சு!!!

முதல்ல அளந்தது: பின்னறைத் தண்ணி 32.5. லேப் 23. அண்ணன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்.

அப்புறம் லேப்ல ஒவ்வொருத்தரா கேட்டேன். எங்க லேப்ல பாத்திரம் கழுவுற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, இருபது வருஷமா அங்கதான். திங்கக்கிழமை எனக்கு முன்னாடியே வந்துருவாங்க. "குடுவையில தண்ணி கோட்டுக்குக் கீழ இருந்துச்சு, நீ அவசரத்துல சரியா ஊத்தலன்னு நினைச்சு நான்தான் ஏத்தி விட்டு நல்லாக் குலுக்கி வச்சேன்"னாங்க. எல்லா வாரமுமான்னு கேட்டேன். "நான் வர்ற திங்கள்ல மட்டும்தான்"னாங்க. அவங்களுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும், எல்லாத் திங்களும் இருக்காது.

ஷிப்ட் தாளை எடுத்துப் பதிவேட்டோட வச்சுப் பார்த்தேன். 24.90, 24.90, 24.91 மூனும் அவங்க வந்த வாரம். 24.96, 24.97, 24.96 மூனும் அவங்க வராத வாரம்.

---

தராசுக்காரன் | புதன், இரவு 8:59

அந்த அக்காவுக்கு நாளைக்குப் பசியாற நான் வாங்கித் தர்றேன். 23 டிகிரியில ஏத்தினதால, நீங்க தப்பாக் கலக்கின கரைசலை அவங்கதான் சரி பண்ணியிருக்காங்க. பழைய ஆள் காலத்துலயும் அவங்களேதான் ஏத்தி விட்டிருப்பாங்களோ என்னவோ.

---

ஓய்வு_டீச்சர்_பிஎம் | புதன், இரவு 9:14

ஐயோ, தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் கோட்டுக்குக் கீழே இருக்கும் கரைசலை எல்லாம் ஏற்றிவிடாதீர்கள்! அதிலிருந்து ஒரு பிப்பெட் எடுத்த பிறகு ஏற்றினால் மொத்தக் கரைசலும் குப்பை. அந்த அக்கா யாரும் தொடுவதற்கு முன்னால் ஏற்றியதால் தப்பித்தோம்.

தம்பி, உப்பை முக்கால் குடுவைத் தண்ணீரில் கரைத்து மூடி லேப்பில் வையுங்கள். இரவு முழுதும் ஆறட்டும். காலையில் 23 டிகிரியிலேயே கோட்டுக்கு ஏற்றுங்கள்.

---

பட்டர்வொர்த்_மாமா | புதன், இரவு 9:30

கிச்சாப்புக்கு 0.24 சதவீதம் உப்புக் கூடினா எந்த நாக்குக்குத் தெரியப் போவுது? இதுக்கா ரெண்டு நாளா ஆராய்ச்சி?

---

ஆடிட்_அண்ணே_கேஎல் | புதன், இரவு 9:41

மாமா, கூலிக்காக மெட்ரோலாக் எண்ணுல சண்டை போட்டவரு நீங்க. நீங்களே இப்படிக் கேட்கலாமா 😄

---

பட்டர்வொர்த்_மாமா | புதன், இரவு 9:44

அது சரி. அது சரி.

---

பிறை_லேப்பையன் | அடுத்த செவ்வாய், இரவு 8:20

கடைசி நிலவரம். டீச்சர் சொன்ன மாதிரி வெள்ளிக்கிழமை முக்கால் குடுவை, திங்கள் காலையில 23 டிகிரியில கோட்டுக்கு ஏத்தினேன். டிராயர்ல இருந்த பழைய பிப்பெட். நேத்து 24.98, இன்னைக்கு அதே கரைசல்ல திரும்பப் பண்ணினேன், 24.99. குடுவையில மிச்சக் கரைசலை ஒரு பாட்டிலுக்கு மாத்திட்டு, 'ஏத்தாதீங்க'ன்னு பெரிய எழுத்துல ஒட்டியும் வச்சுட்டேன். அக்கா அதைப் பார்த்துட்டு "கோடே இல்லாத பாட்டில்ல எதை ஏத்துறது"ன்னு சிரிச்சாங்க.

குடுவைக்கு ஐந்து ஸ்டார் போட்டுட்டேன். 12 வெள்ளிப் பிப்பெட்டுக்குப் பணம் திரும்பக் கேட்டு, அஞ்சு எடையும் கணக்கும் போட்டு அனுப்பினேன். "விரிசல் இருந்தால் படம் எடுத்து அனுப்பவும்"னு பதில் வந்திருக்கு.